ஞானாம்பாளைப் படைத்த முன்சீப்

தமிழில் முதன்முதல் நாவல் எழுதியவர் யார் என்று வினவினால் பள்ளிப் பிள்ளைகளும் தயங்காது விடை பகர்வர். ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. நூல் பிரதாப முதலியார் சரித்திரம். வெளிவந்த ஆண்டு 1879. ஒரு மதிப்பெண் வினாவுக்கு இவ்வளவு போதும். அந்நூலை முழுதும் படித்தவர் யார் என்று கேட்டால்தான் அவை அமைதியாகிவிடும். சென்ற ஆண்டுவரை நானும் அந்த அமைதியில் ஒருத்தியாகவே இருந்தேன்.

என்னைப் படிக்கவைத்தவர்கள் பதினொரு பிள்ளைகள். பொம்மசந்திராத் தொழிற்பேட்டையை அடுத்த ஒரு வீட்டு மொட்டை மாடியில், தகரக் கூரையின் கீழ், ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடைபெறுகிறது. எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்புவரை பயிலும் இப்பிள்ளைகளின் பெற்றோர் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர்கள். பள்ளியிலே கன்னடமும் ஆங்கிலமும். வீட்டிலே பேச்சளவில் தமிழ். ஒரு நாள் அவர்கள் பள்ளியில் வரைந்த வட்டப் படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினர். கதைத் தலைவன் வீட்டைவிட்டுப் புறப்படுகிறான். அறியாத நாட்டில் இடர்ப்படுகிறான். வென்று ஒரு பேற்றைப் பெறுகிறான். அப்பேற்றோடு ஊர் திரும்புகிறான். ஜோசப் கேம்பல் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1949இல் வெளியிட்ட நூலொன்றில், உலகத்துப் புராணக் கதைகள் பலவும் இவ்வட்டத்தில் அடங்கும் என்று காட்டினார். அதற்கு ஏற்ற தமிழ் நாவல் ஒன்றை எனக்குத் தெரியுமா என்பது பிள்ளைகளின் கேள்வி.

நான் பயில்வது இயற்பியல். எங்கள் துறையில் எதையும் முதலிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆகவே முதல் நாவலே எளிதாயிருக்கும் என்று எண்ணி அதை எடுத்தேன். என் எண்ணம் எவ்வளவு தவறு என்பது இரண்டாம் வாரமே விளங்கிவிட்டது. கதைக்குள் கதை, அதற்குள் ஓர் அறவுரை, அறவுரைக்கு உவமையாக இன்னொரு கதை என்று நூல் போய்க்கொண்டே இருக்கிறது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவரை மெட்ரோ ரயில் வந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போய்வரும் அந்த வண்டியில் உட்கார்ந்துதான் ஒருவாறு நூலை முடித்தேன். முடித்தபின், நூலைவிட நூலாசிரியரின் வாழ்க்கையே என் மனத்தில் நின்றது. பிள்ளைகளுக்கு அதையே முதலில் சொன்னேன். இங்கும் அதையே சொல்கிறேன்.

வேதநாயகர் 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் குடும்பம். அந்நாளில் ஊருக்கு ஊர் ஆங்கிலப் பள்ளிகள் இல்லை. திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராய பிள்ளையிடம் அவர் ஆங்கிலமும் தமிழும் கற்றார். பின்னர் அந்நகர நீதிமன்றத்திலேயே ஆவணங்களைக் காக்கும் வேலையில் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார்.

இந்த மொழிபெயர்ப்பு வேலையைச் சற்று நின்று நோக்க வேண்டும். வழக்குக்கு வருகிறவன் உழவன். அவன் வாயில் வருவது தமிழ். மேலே இருக்கும் துரைக்கு வேண்டுவது ஆங்கிலம். தீர்ப்பு ஆங்கிலத்தில் எழுதப்படும். தன் நிலம் தன்னிடம் நிற்குமா போகுமா என்பதை, பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்த்தே அந்த உழவன் அறிய வேண்டும். இவ்விரு மொழிகளுக்கும் நடுவே நாள்தோறும் நின்றவர் இளைஞர் வேதநாயகர். அவர் உள்ளத்தில் பின்னாளில் விளைந்தவற்றுக்கெல்லாம் விதை இங்கே விழுந்தது என்பது என் கருத்து.

இதை வகுப்பில் சொன்னபோது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், தன் வீட்டிலும் அப்படித்தான் என்றான். மருத்துவச் சீட்டு, வாடகைப் பத்திரம், தந்தையின் தொழிற்சாலைத் தாள்கள் என எது வந்தாலும் அவனைத்தான் அழைப்பார்களாம்; படித்துத் தமிழில் சொல்ல வேண்டியவன் அவனே. பதின்மூன்று வயதில் அவன் ஒரு வீட்டின் மொழிபெயர்ப்பாளன். சுற்றியிருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் தலையசைத்தனர். அதுவரை பாட்டன் காலத்து மனிதராக இருந்த வேதநாயகர் அன்று அவர்களுக்குத் தெரிந்த ஆளாகிவிட்டார்.

1850களின் பிற்பகுதியில் அவர் முன்சீப் ஆனார். முதலில் தரங்கம்பாடி, பின்னர்ச் சீகாழி, மாயூரம். தரங்கம்பாடி 1845வரை டேனியர் கையில் இருந்த கடற்கரை நகரம். தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறி 1715இல் வெளிவந்ததும் அங்கேதான். தமிழ் உரைநடைக்கு அச்சு வாகனம் கிடைத்த ஊருக்கே தமிழ் நாவலின் தந்தை நீதிபதியாகச் சென்றது தற்செயலே ஆயினும் நினைக்க இனிக்கிறது. அவர் நீதி வழங்கிய மூன்று ஊர்களும் இன்று ஒரே மாவட்டத்தில் உள்ளன. மாயூரம் 1982இல் மயிலாடுதுறை எனப் பெயர் பெற்றது. 2020இல் தனி மாவட்டமாயிற்று.

பதவியில் இருந்தபோதே 1859இல் நீதிநூல் வெளியிட்டார். செய்யுள் நூல். கைக்கூலி வாங்குவோரை அதில் அவர் கடிந்து பாடியது வெறும் புலவர் மரபன்று. கைக்கூலி எந்த வாயில் வழியே வரும் என்பதைக் கண்ணால் கண்ட நீதிபதியின் பாட்டு அது. அதனினும் பெரிய தொண்டு 1862இல் வந்தது. 1805 முதல் 1861 வரை சென்னைச் சதர் நீதிமன்றம் அளித்த முடிவுகளைத் திரட்டித் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் நூலாக்கினார். சதர் நீதிமன்றம் மறைந்து சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியதும் அதே 1862இல்தான். ஐம்பத்தேழு ஆண்டுச் சட்ட அறிவைத் தமிழன் தன் மொழியில் படிக்க வழி செய்தார். அவரை அப்படிச் செய்யச் சொன்னவர் யாருமில்லை. செய்யாதிருந்தாலும் சம்பளம் குறைந்திராது.

பிள்ளைகளின் வட்டப் படத்தில் கடைசிப் படி, பேற்றோடு திரும்புதல். அந்தப் பேறு பொற்குவையாகவோ மந்திர வாளாகவோதான் இருக்கும் என்று அவர்கள் நம்பியிருந்தனர். ஒரு மனிதர் ஆங்கிலத்துக்குள் புகுந்து, அங்கிருந்த சட்டத்தை எடுத்துக்கொண்டு தமிழுக்குத் திரும்பினார் என்றேன். அவர்கள் வியந்து போனார்கள் என்று எழுத ஆசைதான். உண்மையில் ஒருவன் கொட்டாவி விட்டான். மொழிபெயர்ப்பாளப் பையன் மட்டும் அந்நூல் எத்தனை பக்கம் என்று கேட்டான்.

மாயூரத்தில் அவருக்கு வாய்த்த நட்பு பெரிது. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய நண்பர்; அவர்மீது குளத்துக்கோவை என்னும் நூலையே பாடியவர். மகாவித்துவானோ பழுத்த சைவர். வேதநாயகர் கத்தோலிக்கர், ஆயினும் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர்மீது பாடல்கள் இயற்றினார். மகாவித்துவானிடம் பாடம் கேட்க 1871இல் மாயூரம் வந்து சேர்ந்தார் ஓர் இளைஞர், பிற்காலத்து உ. வே. சாமிநாதையர். அந்த வட்டத்தைப் பற்றி நாம் இன்று அறிவனவற்றில் பல, அவர் எழுதிவைத்தமையால் கிடைத்தவை. சமயம் கடந்த இந்நட்பைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவது எளிது. அவர்களுக்கோ அது நாள்தோறும் நடந்த வாழ்க்கை. வேதநாயகர் இயற்றிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளும் அந்த வாழ்க்கையிலிருந்து வந்தவையே.

1872இல் முன்சீப் பதவியிலிருந்து விலகினார். வயது நாற்பத்தாறு. அதன்பின் மாயூர நகராட்சித் தலைவராகப் பணி புரிந்தார். பெண்களுக்குக் கல்வி வேண்டும் என்பதை நாவலுக்கு முன்பே பெண்மதி மாலை முதலியவற்றால் வற்புறுத்தியிருந்தார். மாயூரத்தில் பெண்களுக்கெனப் பள்ளி ஏற்படவும் முன்னின்றார்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். வேதநாயகர் தம் கைப்பொருளை வாரிச் செலவிட்டு, பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி வார்த்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கண்டு உருகி, அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை இயற்றினார். தில்லைக் கூத்தனைப் பாடிய வாய் ஓர் ஓய்வுபெற்ற முன்சீபைப் பாடியதென்றால் அந்த ஈகை எத்தகையதாக இருந்திருக்க வேண்டும்!

பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டில் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவந்தது. செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலம் அது. ஐரோப்பிய மொழிகளில் உரைநடை வளர்ந்திருக்க, தமிழில் அவ்வகை நூல்கள் இல்லையே என்ற ஏக்கத்தால் எழுதியதாக முன்னுரையில் அவரே தெரிவிக்கிறார்.

இனிக் கதைக்கு வருவோம். பிரதாபன் சத்தியபுரியில் செல்வக் குடியில் பிறந்த ஒரே மகன். கதையைத் தன் வாயால் சொல்பவனும் அவனே. சிறு வயதில் அவன் தவறு செய்தால் அடி விழுவது உடன் பயிலும் கனகசபையின் முதுகில். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று அவன் வாதாடுகிறான். இந்த இடத்தில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி சிரித்துவிட்டாள். ஏன் என்று கேட்டேன். அவள் வீட்டிலும் அதே வாதம்தானாம்; செல்வர் என்ற சொல்லுக்குப் பதில் ஏழை என்ற சொல் இருக்குமாம். அவள் அக்காள் பத்தாம் வகுப்போடு நின்று ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள்.

பிரதாபனின் மாமன் மகள் ஞானாம்பாள். அறிவிலும் துணிவிலும் அவனுக்கு மேற்பட்டவள். திருமணப் பேச்சு தந்தையரின் பிடிவாதத்தால் முறிந்து, பல இடர்களுக்குப் பின் கைகூடுகிறது. பிறகு, வேட்டைக்குப் போன இடத்தில் துணைவரைப் பிரிந்து பிரதாபன் விக்கிரமபுரி என்னும் ஊரில் தனியே அகப்படுகிறான். அறுந்த செருப்பைத் தைத்துத் தந்தால் சந்தோஷப்படுத்துவதாகச் செம்மான் ஒருவனிடம் சொல்கிறான். எவ்வளவு கொடுத்தாலும் தனக்குச் சந்தோஷம் வரவில்லை என்கிறான் செம்மான். வழக்கு நீதிமன்றம் ஏறுகிறது. பிரதாபன் சிறைக்குப் போகிறான். கணவனைத் தேடி ஆண் உடையில் வருகிறாள் ஞானாம்பாள். அரசனில்லா அந்நகரத்து யானை அவள் கழுத்தில் மாலையிட, அவளே அரசனாகிறாள். வழக்கை மீண்டும் எடுத்து, புதிய அரசன் பட்டம் ஏறியதில் உனக்குச் சந்தோஷந்தானா என்று செம்மானைக் கேட்கிறாள். இல்லை என்று சொல்லும் துணிவு யாருக்கு வரும்? சந்தோஷம் என்றான், வழக்கு தீர்ந்தது.

சொல்லைச் சொல்லாலேயே வெல்லும் இவ்விடத்தில் பிள்ளைகள் கைதட்டினர். பல ஆண்டுகள் வழக்குக் கேட்டவரன்றிப் பிறர் இதை இவ்வளவு நேர்த்தியாக எழுதியிருக்க முடியாது. ஆனால் கைதட்டாத ஒருவனும் இருந்தான். செருப்புத் தைப்பவன் ஏன் கெட்டவனாக இருக்கவேண்டும் என்பது அவன் வினா. கூலியை முன்னதாகவே பேசாமல் சந்தோஷப்படுத்துகிறேன் என்று சொன்னது பிரதாபன் குற்றம் அல்லவா என்றும் கேட்டான். என்னிடம் விடை இல்லை. அறத்தில் அத்துணை உறுதியுடைய வேதநாயகரும் கூலிக்காரனைச் செல்வர் வீட்டுத் திண்ணையிலிருந்துதான் பார்த்திருக்கிறார். கதை சொல்பவன் செல்வன் என்பதால் அது பிரதாபனின் பார்வை என்று ஆசிரியருக்காக வாதாடலாம். நான் வாதாடவில்லை. பையன் கேட்டது சரி என்றே சொன்னேன்.

வட்டப் படத்தை நிரப்பும் வேளையில்தான் உண்மையான சிக்கல் எழுந்தது. தலைவனின் பெயரைப் படத்தின் நடுவில் எழுத வேண்டும். பிரதாபன் என்று எழுதிவிட்டுப் படிகளை நிரப்பத் தொடங்கினோம். புறப்படுதல் சரி. அறியாத நாடு சரி. அதன்பின் அவன் செய்தது என்ன? சிறையில் உட்கார்ந்திருந்தான். தேடி வந்தவள், உருமாறியவள், சோதனையில் வென்றவள், நாடாண்டவள், ஆட்சியை விட்டுக் கணவனோடு ஊர் திரும்பியவள், எல்லாம் ஞானாம்பாள். முன்பு சிரித்த அந்த மாணவி எழுந்து, நடுவில் இருந்த பெயரை அழித்துவிட்டு வேறு பெயரை எழுதினாள். அட்டையில் அச்சான பெயர் ஒருவனுடையது, பயணம் மற்றொருத்தியினுடையது.

காப்பியத்துக்குத் தன்னேரில்லாத் தலைவன் வேண்டும் என்பது தண்டியலங்காரம் கற்பித்த இலக்கணம். அம்மரபில் ஊறிய வேதநாயகர் தம் நாவலின் தலைவனை மனைவிக்கு நேராகாதவனாகவே படைத்தார். அறிந்தே செய்தாரா? அறிந்தே செய்தார் என்பேன். ஞானாம்பாளை அரியணையில் அமர்த்தியபின் அவர் அவளைக் கொண்டு செய்விக்கும் காரியங்களைப் பாருங்கள். நீதிமன்றங்கள் மக்களின் மொழியில் நடக்க வேண்டும் என்கிறாள். தமிழ் வழக்கறிஞர் தமிழ் நீதிபதியின் முன் ஆங்கிலத்தில் வாதாடும் கூத்தை எள்ளி நகையாடுகிறாள். திருச்சியில் மொழிபெயர்ப்பாளராக நின்ற இளைஞர் கேட்க முடியாததை, முன்சீப் ஆணையிட முடியாததை, விக்கிரமபுரியின் பெண்ணரசர் கேட்கவும் ஆணையிடவும் செய்கிறார். தம் வாழ்நாள் விருப்பத்தை ஒரு பெண்ணின் வாயில் வைத்தவர் அவளைத் தலைவியாகக் கருதவில்லை என்று எப்படிச் சொல்வது?

அவருடைய வாழ்க்கையையும் இந்த வட்டத்தில் அடக்கிப் பார்க்க முயன்றேன். முழுதும் அடங்கவில்லை. குளத்தூரிலிருந்து மாயூரம் ஒன்றும் கடல் கடந்த நாடன்று. அவர் வீழ்த்திய அரக்கனும் எவனுமில்லை. புள்ளிகளை ஒரு கோட்டில் பொருத்துவது எங்கள் ஆய்வுக்கூடப் பழக்கம்; பொருந்தாத புள்ளியில்தான் பெரும்பாலும் செய்தி இருக்கும். வேதநாயகர் வாழ்வில் பொருந்தாத புள்ளி, அவர் ஒருமுறை போய் ஒருமுறை திரும்பியவரல்லர் என்பதே. நாள்தோறும் இரு மொழிகளுக்கிடையே போனார், நாள்தோறும் திரும்பினார்.

1887இல் சுகுண சுந்தரி என்னும் இரண்டாவது நாவலை வெளியிட்டார். முதல் நூலின் சுவை அதில் இல்லை. பெண் கல்வியும் நேர்மையும் அதிலும் உண்டு. 1889 ஜூலை 21ஆம் நாள் இறந்தார். வயது அறுபத்திரண்டு. நான்கே ஆண்டுகளில் ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம் விவேக சிந்தாமணியில் வெளிவரத் தொடங்கியது. தமிழ் நாவல் தன் வழியில் நடந்தது.

வகுப்பில் கடைசியாக ஒரு பயிற்சி கொடுத்தேன். கதை சொல்பவன் பிரதாபன். அவனோ சிறையில் இருக்கிறான். ஆகவே ஞானாம்பாள் ஆண் உடை பூண்டு புறப்பட்ட வழியை அவன் கண்ணால் காணவில்லை. அதைக் கண்டவள் அவள் மட்டுமே. அந்த வழியை அவள் வாயால் எழுதிவருமாறு சொன்னேன். பதினொருவரில் நால்வர் எழுதினர். பத்தாம் வகுப்பு மாணவியின் குறிப்பேட்டில் ஆறு பக்கம் இருந்தது. மொழி தமிழ், எழுத்து கன்னடம். தமிழ் எழுத்து அவளுக்கு இன்னும் விரைந்து வருவதில்லை. நான் கன்னட எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். அவள் பொறுமையிழந்து குறிப்பேட்டை வாங்கித் தானே படித்துக் காட்டினாள். இரவில் கணவனின் வேட்டியை எடுத்துக் கட்டுவதில் தொடங்கி, முதல் ஊரில் யாரும் தன்னைத் திரும்பிப் பார்க்காததைக் கண்டு ஞானாம்பாள் வியப்பதுவரை எழுதியிருந்தாள்.

மார்ச்சில் அவளுக்குப் பொதுத் தேர்வு. அதற்குப் பின் என்ன என்பது அவள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. கதை விக்கிரமபுரியின் கோட்டை வாயிலில் நிற்கிறது. யானை இன்னும் வரவில்லை. மீதியைத் தமிழ் எழுத்தில் எழுதப் போவதாகவும், அதற்கு இரண்டு ஞாயிறு ஆகும் என்றும் சொல்லியிருக்கிறாள்.